நானூறு கெஜ தூரம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி ஒரு குன்று எழுகிறது. அக்குன்றின்மேல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் அமைந்துள்ளது. இரண்டுக்கும் நடுவே நானூறு கெஜ தூரம், அதாவது ஏறத்தாழ 366 மீட்டர். 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இவ்விரு இடங்களின் கணினிகளை இணைத்த பாதையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. நொடிக்கு 32,000 பிட் தகவலைக் கொண்டுசேர்த்து வந்த அப்பாதை, நொடிக்கு 40 பிட் மட்டுமே கொண்டுசேர்க்கும் நிலைக்கு வீழ்ந்தது.

இந்த எண்களைச் சற்றே கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஓர் ஆங்கில எழுத்துக்கு எட்டு பிட் என்று கொண்டால், இரண்டாயிரம் எழுத்துகள் அடங்கிய ஒரு பக்கம் முன்பு அரை நொடியில் போய்ச் சேர்ந்தது. இப்போது அதற்கு ஆறு நிமிடம் நாற்பது நொடி தேவைப்பட்டது. அப்பக்கத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஒருவர் குன்றிலிருந்து இறங்கி நடந்தால், அந்நேரத்துக்குள் உரியவர் கையிலேயே கொடுத்துவிட முடியும்.

கம்பி அறுந்துவிடவில்லை. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. எதிரிகள் எவரும் தாக்கவில்லை. இன்னும் வியப்பான செய்தி, பாதை சும்மா கிடக்கவும் இல்லை. அது ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது. இணைக்கப்பட்ட ஒவ்வொரு கணினியும் தனக்கு விதிக்கப்பட்ட கடமையைப் பிழையின்றிச் செய்துகொண்டிருந்தது. அப்படி ஒவ்வொன்றும் கடமையைச் செய்ததால்தான் மொத்தமும் நின்றுபோனது.

கதையும் கவிதையும் பேசும் இடத்தில் கணினி வலையமைப்பின் கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் எழுதுவதும் வாசிப்பதும் இன்று இந்த வலை வழியாகத்தான் என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேர், மேற்பார்வையாளர் எவரும் இல்லாமல், ஒரே வழியைப் பகிர்ந்துகொள்வது எங்ஙனம் என்ற கேள்வி பொறியாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் கேள்விக்கு ஒரு விடை அந்த நானூறு கெஜ தூரத்தில் கண்டடையப்பட்டது. அவ்விடையின் அருமை புரிய வேண்டுமென்றால், நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

*

கணினி வலைக்கு முன்பிருந்த பெரும் வலை தொலைபேசி. அதன் அடிப்படை எளியது. நீங்கள் ஒருவரை அழைத்தால், உங்கள் கருவிக்கும் அவர் கருவிக்கும் இடையே ஒரு முழுப்பாதை ஒதுக்கப்படுகிறது. பேசினாலும் பேசாமல் பெருமூச்சு விட்டாலும், வைக்கும்வரை அப்பாதை உங்களுடையது. வேறொருவர் அதற்குள் நுழைய முடியாது. பாதை கிடைக்கவில்லையென்றால் தொடக்கத்திலேயே உங்களுக்கு இடமில்லை என்று தெரிந்துவிடும். இது ஒரு கண்ணியமான ஏற்பாடு. கொடுத்த வாக்கை இறுதிவரை காப்பது என்ற அறம் அதில் இருந்தது. தொலைபேசிப் பொறியாளர்கள் அதில் பெருமை கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் கணினிகளின் பேச்சு மனிதர்களின் பேச்சைப் போன்றதல்ல. ஒரு கணம் கொட்டித் தீர்க்கும். பிறகு நெடுநேரம் மௌனம் காக்கும். அந்த மௌனத்துக்காக ஒரு முழுப்பாதையை ஒதுக்கிவைப்பது, ஒருவர் எப்போதாவது நடந்து போவதற்காக நெடுஞ்சாலை முழுவதையும் அடைத்துவைப்பதற்குச் சமம்.

இந்த வீணடிப்புக்கு மாற்றை இருவர் தனித்தனியே கண்டனர். முதலாமவர் பால் பரான். 1926ஆம் ஆண்டு அன்றைய போலந்தின் குரோத்னோ நகரில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். 1959இல் ராண்ட் நிறுவனத்தில் சேர்ந்த அவர் முன் இருந்த கேள்வி அணுப்போர் பற்றியது. தொலைபேசி வலையின் சில மையங்கள் அழிந்தால் வலை முழுவதும் ஊமையாகிவிடும். அதற்குப் பதிலாக, மையமே இல்லாமல் மீன்வலை போல ஒவ்வொரு முடிச்சும் அக்கம்பக்கத்து முடிச்சுகளோடு மட்டும் இணைந்திருந்தால்? ஒரு முடிச்சுக்கு மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே பேரழிவிலும் எஞ்சியவை பேசிக்கொள்ள முடியும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் தன் வழியைத் தானே தேடிச் செல்லவிட வேண்டும் என்றார். 1964இல் ராண்ட் வெளியிட்ட பதினொரு தொகுதிகளில் அவருடைய இந்தத் திட்டம் விரிவாக இருக்கிறது. தொலைபேசிப் பெருநிறுவனமான ஏடி அண்டு டி அதை ஏற்க மறுத்தது.

இரண்டாமவர் டொனால்ட் டேவீஸ். வேல்ஸ் நாட்டவர், லண்டனை அடுத்த டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1965இல், பரானின் திட்டத்தை அறியாமலேயே, போரைப் பற்றிய கவலை ஏதுமின்றி, கணினிகளுக்கு ஏற்ற தொடர்பு எது என்ற கேள்வியிலிருந்து தொடங்கி அதே இடத்தை அவர் அடைந்தார். துண்டுக்குப் பெயர் வைத்தவரும் அவரே: பாக்கெட். பிற மொழிகளிலும் இச்சொல்லுக்கு எளிய இணை கிடைக்குமா என்று மொழியறிந்தவரிடம் கேட்டுத் தெளிந்தபின் அதைத் தேர்ந்தார் என்பது நம்மைப் போன்ற வாசகர்களுக்கு உவப்பான செய்தி. தமிழில் அதற்கு இணை தேடி அலையத் தேவையே இல்லை. மளிகைக் கடைக்காரர் பழைய செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றித் தரும் பொட்டலமே அது. நம் பொறியாளர்கள் பாக்கெட் என்றே சொல்லிப் பழகியிருந்தாலும், இக்கட்டுரையில் நாங்கள் பொட்டலம் என்றே எழுதுகிறோம்.

பொட்டலத்தின்மேல் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண். உள்ளே செய்தியின் ஒரு துண்டு. பலருடைய பொட்டலங்கள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். யாருக்கும் பாதை சொந்தமில்லை. எல்லோருக்கும் பாதை உண்டு.

*

இக்கருத்து கம்பியிலும் இரும்பிலும் உருப்பெற்றது அமெரிக்காவில். அர்ப்பாநெட் அணுப்போருக்காகக் கட்டப்பட்டது என்று பலரும் எழுதுவதுண்டு. அது சரியன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான அர்ப்பாவில் பணியாற்றிய பாப் டெய்லரின் அறையில், 1966இல், மூன்று தனித்தனிக் கணினிகளோடு பேச மூன்று தனித்தனி முனையங்கள் இருந்தன. ஒன்றோடொன்று அவை பேசாது. ஒரே முனையத்திலிருந்து எல்லாக் கணினிகளையும் அடைய முடியாதா என்ற எளிய சலிப்பும், விலைமிக்க கணினிகளைப் பகிர்ந்துகொள்ளும் தேவையுமே அர்ப்பாநெட்டின் பிறப்புக்குக் காரணங்கள். 1967 அக்டோபரில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் அதன் வடிவமைப்பாளர் லாரி ராபர்ட்ஸ், டேவீஸின் குழுவினர் படித்த கட்டுரையைக் கேட்டார். பரானின் தொகுதிகளும் அதன்பின் அவர் கவனத்துக்கு வந்தன.

கணினிகளை நேரடியாக இணைக்காமல், ஒவ்வோர் இடத்திலும் பொட்டலங்களை வாங்கிக் கொடுக்க ஓர் இடைநிலைக் கணினி வைக்கப்பட்டது. ஐஎம்பி என்று அழைக்கப்பட்ட இக்கருவிதான் இன்று நம் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் ரூட்டரின் மூதாதை. 1969 அக்டோபர் 29 அன்று இரவு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணினி நிலைகுலைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முழுச் சொல்லும் சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் வலையில் நான்கு இடங்கள் இணைந்திருந்தன.

அதே ஆண்டு ஏப்ரல் 7 அன்று வேறொன்று நிகழ்ந்தது. கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளை வகுக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களிடம் விடப்பட்டிருந்தது. தமக்கு அதிகாரம் ஏதும் இல்லை என்று உணர்ந்திருந்த ஸ்டீவ் கிராக்கர் என்ற மாணவர், முதல் குறிப்பை எழுதியபோது அதற்கு 'கருத்துரைக்க வேண்டுகோள்' என்ற பொருள்படும் பெயரை வைத்தார். உடன் தங்கியிருந்தவர்களின் உறக்கம் கெடாதபடி குளியலறையில் அமர்ந்து அதை எழுதியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆர்எஃப்சி என்னும் அந்த வரிசை ஒன்பதாயிரத்தைத் தாண்டி இன்றும் நீள்கிறது. இணையத்தின் அடிப்படை விதிகள் இன்றளவும் ஆணைகளாக அன்றி வேண்டுகோள்களாகவே பெயரிடப்பட்டு வெளிவருகின்றன. இந்தத் தொனியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

அர்ப்பாநெட்டில் ஒரு வசதி இருந்தது. ஐஎம்பி கருவிகளே பொட்டலங்களைச் சரிபார்த்து, வரிசை பிறழாமல், தொலையாமல் சேர்த்தன. ஓரத்தில் இருந்த கணினிகள் கவலையின்றி இருந்தன. 1970களின் தொடக்கத்தில் பிரான்சில் சிக்லாட் என்னும் வலையை உருவாக்கிய லூயி பூசான் இந்த வசதியைக் கேள்விக்குட்படுத்தினார். நடுவே எத்தனை காவல் வைத்தாலும், கடைசியில் செய்தி முழுதாக வந்ததா என்று பெறும் கணினியே பார்த்தாக வேண்டும். அப்படியென்றால் நடுவில் ஏன் அத்தனை சுமை? நடுவழி பொட்டலத்தைத் தள்ளிவிடட்டும், அவ்வளவே. தொலைந்தால் ஓரத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பொறுப்பை வழியிலிருந்து எடுத்து வழிப்போக்கரிடம் கொடுத்தது இந்தச் சிந்தனை. பிரான்சின் தொலைபேசி நிர்வாகத்துக்கு இது உவப்பாக இல்லை. வாக்குறுதி தராத வலையை அவர்களால் வலையாகவே கருத முடியவில்லை. அந்த நிர்வாகம் தன் வழியில் டிரான்ஸ்பாக் என்னும் வலையை 1978இல் தொடங்கியது. சிக்லாட்டுக்கு நிதி நின்றது. ஆனால் அதன் கருத்து அட்லாண்டிக்கைக் கடந்திருந்தது.

விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரை, கம்பி, வானொலி, செயற்கைக்கோள் என்று இயல்பு வேறுபட்ட வலைகளை ஒன்றாக இணைப்பது எப்படி என்று பேசியது. 1977 நவம்பர் 22 அன்று, ஓடும் வண்டி ஒன்றில் இருந்த வானொலிக் கருவியிலிருந்து கிளம்பிய பொட்டலங்கள், செயற்கைக்கோள் வழியே அட்லாண்டிக்கைக் கடந்து, மீண்டும் அமெரிக்கா வந்து சேர்ந்தன. 1978இல் அந்த நெறிமுறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இணையத்தின் அடிப்படையைப் படிக்கும் எந்தத் தொழில்நுட்பரும் முதலில் கற்பது இந்தப் பிரிவினையைத்தான்.

கீழே இருப்பது ஐபி. அதன் வேலை முகவரி பார்த்து அடுத்த கைக்கு மாற்றுவது மட்டுமே. ஒவ்வொரு கணினிக்கும் 32 பிட் நீளமுள்ள ஓர் எண் முகவரி; ஆக மொத்தம் 429,49,67,296 முகவரிகள். அன்று அது வற்றாத கடலாகத் தோன்றியது. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்தது என்பது தனிக்கதை. ரூட்டர் முகவரியைப் படிக்கிறது. தன் அட்டவணையைப் பார்க்கிறது. அடுத்த ரூட்டருக்குத் தள்ளுகிறது. பொட்டலத்தின் முழுப்பயணமும் எந்த ரூட்டருக்கும் தெரியாது. வரிசையில் இடமில்லையென்றால் பொட்டலத்தைக் கைவிட்டுவிடும். அனுப்பியவரிடம் தகவல் சொல்லவும் கடமையில்லை. வழிதவறிய பொட்டலம் முடிவின்றிச் சுற்றாமலிருக்க அதன்மேல் ஒரு ஆயுள் எண் எழுதப்படுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது ஒன்று குறையும். பூஜ்யமானால் பொட்டலம் மடியும்.

மேலே இருப்பது டிசிபி. அது ஓரங்களில் இருக்கும் கணினிகளில் மட்டுமே வாழ்வது. செய்தியைப் பகுத்து எண் இடுகிறது. பெறுபவர் 'இதுவரை வந்தது' என்று ஒப்புகை அனுப்புகிறார். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால், தொலைந்தது என்று கொண்டு மீண்டும் அனுப்புகிறது. முன்பின்னாக வந்தவற்றை வரிசைப்படுத்துகிறது. நம்பகமற்ற தரையின்மேல் நம்பகமான வீடு கட்டும் கலை என்று இதைச் சொல்லலாம்.

1983 ஜனவரி 1 அன்று அர்ப்பாநெட் முழுவதும் இந்த நெறிமுறைகளுக்கு மாறியது. இணையத்தின் பிறந்தநாளாகப் பலர் அந்நாளைக் கொள்கின்றனர். ஆனால் அந்த வீட்டில் ஒரு குறை இருந்தது. நடுவழி தன் பொறுப்பைக் கைவிட்டபோது, அதோடு இன்னொன்றையும் கைவிட்டிருந்தது: கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை. அதை யார் ஏற்பது என்று எவரும் தெளிவாக எழுதிவைக்கவில்லை.

*

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற பாடம் வேறோர் இடத்தில் முன்பே கற்கப்பட்டிருந்தது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் தீவுகளை வானொலி வழியே இணைக்கும் அலோகாநெட்டை இயக்கினார். எல்லா முனையங்களுக்கும் ஒரே அலைவரிசை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். இரண்டு மோதினால் இரண்டும் அழியும். தற்செயலான நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். இம்முறையில் அலைவரிசையின் திறனில் நூற்றுக்கு 18 பங்குக்குமேல் பயன்படுத்த முடியாது என்று கணக்கு சொன்னது.

1973 மே 22 அன்று ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் எழுதிய குறிப்பில் ஈத்தர்நெட் பிறந்தது. அலோகாவிடமிருந்து கற்ற அவர் இரண்டு நாகரிகங்களைச் சேர்த்தார். பேசுமுன் கம்பியில் வேறொருவர் பேசுகிறாரா என்று கேள். பேசும்போதே மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்து, சற்றுக் காத்திரு. மீண்டும் மோதினால் காத்திருக்கும் கால எல்லையை இரட்டிப்பாக்கு. திண்ணையில் இருவர் ஒரே நேரத்தில் வாய்திறந்துவிட்டால் 'நீங்கள் சொல்லுங்கள்' என்று இருவரும் பின்வாங்குவது போன்றது இது.

ஆனால் ஈத்தர்நெட்டில் எல்லோரும் ஒரே கம்பியில் இருக்கிறார்கள். மோதல் காதில் விழுகிறது. இணையத்தில் நெரிசல் நேர்வது எங்கோ தொலைவில், கண்ணுக்குத் தெரியாத ரூட்டரின் வரிசையில். அனுப்புபவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: வரவேண்டிய ஒப்புகை வரவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வது? டிசிபி கொண்ட பொருள்: 'தொலைந்திருக்கும், மீண்டும் அனுப்பு.'

இதில் இருந்த ஆபத்தை முதலில் எழுத்தில் வைத்தவர் ஜான் நேகிள். 1984 ஜனவரியில் அவர் வெளியிட்ட ஆர்எஃப்சி குறிப்பில் இரண்டு நோய்களைச் சுட்டினார். ஒன்று சிறியது. முனையத்தில் ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த ஒரு பைட்டுக்கு 40 பைட் தலைப்பு சேர்ந்து 41 பைட் பொட்டலமாகச் செல்கிறது. கடிதத்தைவிட உறை நாற்பது மடங்கு கனம். சில எழுத்துகள் சேரும்வரை காத்திருந்து அனுப்பினால் போதும் என்று அதற்கு மருந்தும் சொன்னார். மற்றது பெரியது. அதற்கு அவர் இட்ட பெயர் நெரிசல் வீழ்ச்சி. வலை மிகுந்த சுமையில் ஒருமுறை அந்நிலைக்குள் விழுந்தால், தானாக வெளியே வராமல் அதிலேயே நிலைத்துவிடும் என்று எச்சரித்தார்.

மூன்று ஆண்டுகளுக்குள் அது நடந்தது.

*

இப்போது பெர்க்லிக்குத் திரும்புவோம். குன்றுக்கும் வளாகத்துக்கும் நடுவே, தூரம் நானூறு கெஜமே ஆனாலும், பொட்டலங்கள் ஐஎம்பி கருவிகளின் வழியாகவே சென்றன. கணினிகள் அமர்ந்திருந்த உள்ளூர் ஈத்தர்நெட் மிக வேகமானது. வெளியே செல்லும் கம்பி மெல்லியது. கணினி ஒவ்வொன்றும், பெறுபவர் ஏற்பதாகச் சொன்ன அளவு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டியது. மெல்லிய கம்பியின் வாயிலில் வரிசை நீண்டது. வரிசை நீண்டதால் ஒப்புகைகள் தாமதமாயின. தாமதத்தைத் தொலைவு என்று கொண்ட கணினிகள், முதல் பிரதி இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டாம் பிரதியை அனுப்பின. வரிசை மேலும் நீண்டது. மூன்றாம் பிரதி வந்தது. இடமில்லாதபோது ரூட்டர் சிலவற்றைக் கைவிட்டது. அவையும் மீண்டும் அனுப்பப்பட்டன. கம்பி முழுநேரமும் நிறைந்திருந்தது, பெரும்பாலும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவற்றின் பிரதிகளால்.

இதை ஆராயப் புகுந்தவர் குன்றின்மேல் இருந்த வான் ஜேக்கப்சன். கீழே வளாகத்தில் இருந்த மைக்கேல் கேரல்ஸ் அவருடன் சேர்ந்தார். பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளத்தைப் பேணியவர்களில் கேரல்ஸ் ஒருவர் என்பது பின்னால் பெரிய பேறாயிற்று. ஏன் கெட்டது என்று கேட்டுக்கொண்டே சென்றவர்கள், இது இதுவரை எப்படி வேலை செய்தது என்பதே தமக்குத் தெரியவில்லை என்ற இடத்துக்கு வந்து நின்றதாக ஜேக்கப்சன் பின்னாளில் கூறினார். உண்மையான விசாரணை அங்குதான் தொடங்கியது. பழைய முறையில் ஓர் இணைப்பை அவர்கள் அளந்து பார்த்தபோது, கம்பியின் திறனில் மூன்றில் ஒரு பங்கு அளவே பயன்பட்டது. செய்தியின் ஒரு பகுதி ஐந்து முறை அனுப்பப்பட்டிருந்தது.

1988 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட விடையின் சாரத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். கருவறை முன்னால் பத்துப் பேருக்குத்தான் இடம் என்றால், ஒருவர் தரிசனம் முடித்து வெளியேறிய பிறகே அடுத்தவரை உள்ளே விட வேண்டும். வலையிலும் ஒரு பொட்டலம் வெளியேறியது தெரிந்தபின்பே அடுத்ததை நுழைக்க வேண்டும். வெளியேறியதைச் சொல்வது எது? திரும்பி வரும் ஒப்புகை. கடிகாரம் தனியாகத் தேவையில்லை, ஒப்புகைகளே கடிகாரம். மெல்லிய கம்பி எந்த வேகத்தில் அவற்றை விடுகிறதோ அந்த வேகமே அனுப்புபவரின் வேகமாகிவிடும்.

எத்தனை பேருக்கு இடம் என்பது தெரியாதபோது? ஒன்றிலிருந்து தொடங்கு, ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு, எட்டு. பழைய ஒரே மூச்சுக் கொட்டலோடு ஒப்பிட்டால்தான் இது மெதுவானது. 'மெதுவான தொடக்கம்' என்ற பெயரை 1987 மார்ச்சில் சூட்டியவர் முன்பு எச்சரித்த அதே நேகிள். தாங்கள் வைத்த பெயரைவிட அது சிறந்தது என்று ஜேக்கப்சனும் கேரல்ஸும் உடனே ஏற்றுக்கொண்டனர். ஓரளவு ஏறியபின் வேகத்தை ஒவ்வொன்றாக மட்டுமே கூட்ட வேண்டும். எப்போதேனும் ஒரு பொட்டலம் தொலைந்தால், அது நெரிசலின் அடையாளம் என்று கொண்டு, வேகத்தைச் சரிபாதியாகக் குறைக்க வேண்டும். ஒப்புகை வராத மௌனத்துக்கு இப்போது புதிய பொருள் கிடைத்தது: 'பலர் வந்திருக்கிறார்கள், ஒதுங்கு.'

ஒவ்வொன்றாக ஏறி, பாதியாக இறங்கும் இந்த விதியில் ஒரு நியாயமும் ஒளிந்திருந்தது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய டா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் 1989இல் அதைக் கணிதமாகக் காட்டினர். நூறு அளவுள்ள பாதையில் ஒருவர் 80, மற்றவர் 20 வைத்திருப்பதாகக் கொள்வோம். நெரிசல் வருகிறது; இருவரும் பாதியாகின்றனர்: 40, 10. பிறகு இருவரும் ஒரே அளவில் ஏறுகின்றனர். பாதை மீண்டும் நிறையும்போது 65, 35. அடுத்த நெரிசலுக்குப் பின் 57.5, 42.5. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 60, பிறகு 30, பிறகு 15. யாரும் யாருடைய பங்கையும் அறியவில்லை; யாரும் பங்கிட்டுத் தரவில்லை. எனினும் நெரிசல் வரும் ஒவ்வொரு முறையும் அதிகம் வைத்திருப்பவர் அதிகம் இழக்கிறார். இருவரும் சமத்தை நோக்கி நகர்கின்றனர்.

1988இல் வெளியான பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பில் இந்த மாற்றங்கள் சேர்ந்தன. ரூட்டர்கள் மாற்றப்படவில்லை, கம்பிகள் தடிக்கவில்லை. ஓரத்தில் இருந்த கணினிகள் தம் நடத்தையை மாற்றிக்கொண்டன. அதற்கடுத்த ஆண்டுகளில் வலை எத்தனையோ மடங்கு பெருகியபோதும் அது நிலைகுலையாமல் நின்றதற்கு இந்த மாற்றம் முதன்மையான காரணங்களுள் ஒன்று.

*

இவ்விடத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. பொட்டலம் தொலைந்தபோது வேகத்தைக் குறைக்காத கணினிக்குத் தண்டனை இல்லை. மாறாகப் பரிசு உண்டு. மற்றவர்கள் ஒதுங்கிக் கொடுத்த இடத்தை அது எடுத்துக்கொள்ளலாம். முழுவதும் ஏமாற்ற வேண்டியதும் இல்லை. ஒரே கோப்பை இறக்க எட்டு இணைப்புகளைத் திறக்கும் மென்பொருள், விதியை எழுத்துக்கெழுத்து மதித்தவாறே எட்டுப் பேரின் பங்கைப் பெறும். வேகமாக இறக்கித் தருவதாகச் சொன்ன மென்பொருள்கள் ஒருகாலத்தில் நம் நண்பர்களின் கணினிகளில் எல்லாம் இருந்தன. அவற்றின் வித்தை இதுதான். அதைப் பயன்படுத்தியபோது பக்கத்து வீட்டாரின் பங்கைக் கேட்காமல் எடுக்கிறோம் என்று நம்மில் யாரும் எண்ணியதில்லை.

பொறியாளர்கள் இதை அறியாமல் இல்லை. வரிசை நிரம்பி வழியும்முன்பே சில பொட்டலங்களைத் தற்செயலாகக் கைவிட்டு எச்சரிக்கும் முறையை 1993இல் சாலி ஃபிளாய்ட் ஜேக்கப்சனுடன் சேர்ந்து வகுத்தார். கைவிடுவதற்குப் பதிலாகப் பொட்டலத்தின்மேல் நெரிசல் குறி இடும் வழியை கே.கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் 1988லேயே முன்வைத்தனர். அதன் வழித்தோன்றல் 2001இல் இணையத்தின் நெறிமுறையாயிற்று. ரூட்டரே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பங்கிடும் முறைகளும் வந்தன. ஆனால் நடுவழிக்கு அதிகாரம் கொடுக்கும்போதெல்லாம் அந்த அதிகாரம் யாருக்காக இயங்கும் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. நெரிசலைத் தீர்க்கத் தெரிந்த ரூட்டருக்கு, பணம் கொடுத்தவரின் பொட்டலத்தை முன்னே விடவும் தெரியும்.

இன்று நிலைமை இன்னும் நுட்பமாகியிருக்கிறது. முன்பு இவ்விதிகள் இயங்குதளத்தின் உள்ளே இருந்தன; அவற்றை எழுதியவர்கள் சிலரே. 2021 மே மாதம் நெறிமுறையாக வெளியான க்விக், இந்த வேலையைச் செயலிகளின் கைக்கே கொண்டுவந்துவிட்டது. பெருநிறுவனம் ஒன்று தன் வேகவிதியைத் தானே எழுதி, ஒரே இரவில் கோடிக்கணக்கான கருவிகளில் சேர்க்க முடியும். கூகுள் நிறுவனத்தில் ஜேக்கப்சன் உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட புதிய விதியின் முதல் வடிவம், சில சூழல்களில், பழைய விதியைப் பின்பற்றும் ஓட்டங்களை ஓரம்கட்டுகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். அதன்பின் அது திருத்தப்பட்டு வருகிறது. ஒதுங்கும் பண்பை வலைக்குக் கற்பித்த மனிதரின் கையிலேயே அதன் அளவைச் சரியாகப் பிடிப்பது இத்தனை கடினமாக இருக்கிறது என்றால், பிறர் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

தொலைபேசிக்காரர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்குறுதி உள்ள வலையில் கிடைத்த இடம் உறுதியானது. வாக்குறுதியற்ற வலையில் எல்லோருக்கும் இடம் உண்டு. எவருக்கும் உறுதி இல்லை. முன்னதில் ஒழுங்கைக் காக்க ஒரு நிர்வாகம் போதும். பின்னதில் வந்தவர் ஒவ்வொருவரும் கொஞ்சம் காக்க வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையை நீங்கள் திறந்தபோது உங்கள் கருவியும் எங்கோ இருக்கும் கணினியும் முதலில் சில பொட்டலங்களை மட்டும் பரிமாறிக்கொண்டன. ஒப்புகைகள் திரும்பி வந்தபின் வேகம் கூடியது. வழியில் எங்கேனும் நெரிசல் இருந்திருந்தால், முகம் தெரியாத ஒருவரின் படமோ பாட்டோ போய்ச் சேர்வதற்காக இக்கட்டுரை ஒரு கணம் பாதி வேகத்தில் வந்திருக்கும். அவருடையதும் அவ்வாறே ஒதுங்கியிருக்கும். இருவருக்கும் அது தெரிந்திருக்காது.